ராக்கம்மாவுக்குப் படித்துக் காட்டாத கடிதம்

மகனே,

இந்தத் தேயிலைத் தோட்டத்தின் தப்பால்காரனாக அடுத்தவர் கடிதங்களைச் சுமந்தே என் காலம் போனது. சுமந்தது மட்டுமா? எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் சுகம், அங்கே எல்லோரும் சுகமா என்று தொடங்காத கடிதத்தை என் கை எழுதியதே இல்லை. ஒருவருக்கும் சுகமில்லாத ஒற்றையறைக் காம்பராவில் உட்கார்ந்துகொண்டும் அதே வரியைத்தான் எழுதினேன். உனக்கு அப்படி எழுதப் போவதில்லை. எனக்குச் சுகமில்லை. பயந்துவிடாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் வழக்கம்போலப் புலம்புகிறது. மனசுதான் சரியில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் ஒரு கேள்வி கேட்டாய், நான் ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதிலைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் விளங்கிக்கொண்டேனா என்று பார். வாழைச்சேனைப் பக்கமிருந்து மீன் பிடிக்கப் போன ஒரு போட் கவிழ்ந்துவிட்டது. அதில் போனவன் ஒருவன்தான், உன்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவன். உங்கள் கரையோரக் காவல் ரோந்துப் படகு நான்கு நாள் தேடியது. கிடைத்தது கவிழ்ந்த போட், ஒரு நீலக் கேன், ஒரு தொப்பி. ஐந்தாம் நாள் காலையில் தேடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பச் சொல்லி உத்தரவு வந்தது. படகில் தமிழ் பேசுகிறவன் நீ ஒருவன்தான் என்பதால் உங்கள் பெரிய சார் அவனுடைய தாய்க்குத் தகவல் சொல்லும் வேலையை உன்னிடம் கொடுத்தார். நீ போனை எடுத்தாய். அந்த அம்மா, "மகன், எண்ட புள்ளையக் கண்டீங்களா?" என்றாள். மகன் என்று உன்னைத்தான் கூப்பிட்டாள். அந்த ஒரு சொல்லில் உன் நாக்கு மடங்கிவிட்டது. "இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்மா" என்று சொல்லிவிட்டாய். அன்றிலிருந்து மூன்று வாரமாக அவள் தினமும் காலையில் உனக்குப் போன் எடுக்கிறாள், நீயும் தினமும் அதையே சொல்கிறாய். "பொய்யும் இல்லப்பா, வேற வேலைக்குப் போறப்பவும் நான் தண்ணியப் பார்த்துக்கிட்டேதான் போறேன். நான் செஞ்சது சரிதானேப்பா?" என்று என்னிடம் கேட்டாய். உன் குரல் உடைந்திருந்தது. நானும், "சரிதாம்ப்பா, பாவம் அந்தத் தாயி, மனசு தேறட்டும்" என்றேன்.

சரியில்லை, மகனே. அது சரியில்லை என்று இந்த மலையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யாருமில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு வாயில் வராதது கையில் வரும், அது என் தொழில் கொடுத்த கோணல். உன் அம்மாவிடம்கூட முந்தாநாள்தான் சொன்னேன். இரண்டு நாளாகத் தேத்தண்ணி மட்டும் நேரத்துக்கு வருகிறது, பேச்சு வருவதில்லை.

காலையில் வாசலில் பலகையைப் போட்டு உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நமுனுகுல மலையின் உச்சி மட்டும் தெரிகிறது. கீழே பள்ளம் முழுக்கப் பனி நிரம்பிக் கிடக்கிறது, சவுக்கு மரங்களின் தலைகள் அங்கங்கே மிதக்கின்றன. பனிக்கு அடியிலிருந்து யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம் வருகிறது. ஆளைக் காணவில்லை. கொழுந்துக்குப் போகிற பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி, முதலில் கால், பிறகு இடுப்பு, பிறகு கூடை என்று அதற்குள் மறைகிறார்கள். வெயில் ஏறினால் இது கலைந்துவிடும். நல்ல தெளிவான நாளாக இருந்தால் மேல்மலையிலிருந்து கிழக்கே, வானமும் நிலமும் முடிகிற இடத்தில், வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு கோடு தெரியும். அதுதான் நீ இருக்கிற கடல். நீ வேலையில் சேர்ந்த பிறகு நான் அதைப் பார்க்காத தெளிந்த நாளே இல்லை. இத்தனை தூரத்திலிருந்து படகு தெரியாது என்று எனக்குத் தெரியும். தெரியும் என்றே வைத்துக்கொண்டுதான் பார்க்கிறேன்.

போன வருடம் எங்களைக் கூட்டிப்போய் அந்தப் படகைக் காட்டினாயே, அதற்குப் பிறகு எனக்குக் கனவில் வருவதெல்லாம் அதுதான். பதுளையில் விடிய முன்னால் பஸ் ஏறி, பிபிலை இறக்கத்தில் உன் அம்மா இரண்டு தடவை வாந்தி எடுத்து, துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது பகல் பன்னிரண்டு. வெள்ளை உடம்பு, பக்கத்தில் சாய்வாக ஒரு பட்டை, மேலே கம்பங்களும் வலை மாதிரி ஏதேதோ கம்பிகளும். நான் நினைத்ததைவிடச் சின்னப் படகு. உன் அம்மா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டுதான் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள், அழுக்காகிவிடக் கூடாதாம், கம்பி. துப்பாக்கியை உறை போட்டு மூடி வைத்திருந்தீர்கள். அதைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை. கயிறு, மிதவை வளையம், காயக்காரனைப் படுக்க வைக்கிற தட்டு, இதையெல்லாம்தான் ஆசை ஆசையாகக் காட்டினாய். நடுக்கடலில் நெஞ்சு வலி வந்த ஒரு மீன்காரரைக் கரைக்குக் கொண்டுவந்த கதையைச் சொன்னாய். காற்று வருகிறது, திரும்பிப் போங்கள் என்று போட் போட்டாகப் போய்ச் சொன்னதைச் சொன்னாய். கடத்தல்காரனைப் பிடித்த கதையை நான்தான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

தேடுகிற விதத்தையும் அன்றுதான் விளக்கினாய். கண்ட கண்ட பக்கம் ஓடக் கூடாது, நேராகப் போய், கொஞ்சம் தள்ளித் திரும்பி, மறுபடி நேராக வர வேண்டும், ஒரு துண்டுத் தண்ணீரும் விடுபடக் கூடாது என்றாய். உன் அம்மா உடனே, "நெரை புடிச்சுக் கொழுந்து எடுக்குற மாதிரித்தானே?" என்றாள். நீ சிரித்தாய். உங்கள் பெரிய சாருக்கு அதைச் சிங்களத்தில் சொன்னபோது அவரும் சிரித்து, அவளுக்குத் தன் கையாலேயே பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். முப்பது வருடம் தேயிலை நிரையில் நின்றவள் அவள். ஒரு செடியை விட்டுவிட்டுப் போனால் பின்னால் வருகிற கங்காணி என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். தண்ணீரில் ஒரு மனிதன் எத்தனை நாள் உயிரோடு இருப்பான் என்று கணக்குப் பார்த்து, அதற்கும் மேலே ஒரு நாள் தேடிவிட்டுத்தான் நிறுத்துவோம் என்றும் நீ சொன்னாய். அதைச் சொல்லும்போது நீ எங்களைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தாய். அந்த வேலையில் அதுதான் கஷ்டமான பங்கு என்று அப்போதே எனக்குப் பட்டது. அது உன் தலையில் வந்து விழும் என்று நினைக்கவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். கீழ் லயத்து வரிசை வீட்டில் இருந்த ராக்கம்மாவை உனக்குத் தெரியும். புருசன் இல்லாதவள், மருதை என்று ஒரே மகன். நெட்டையாக, நடக்கும்போது கைகளை வீசிக்கொண்டு, உள்நாட்டுச் சண்டை ஓய்ந்த புதிதில் கிழக்குக் கரைக்கு மீன்காரர் கொட்டகை போட்டுத் தங்கும் வாடியில் வேலை செய்யப் போனான். தேயிலையில் பிறந்தவனுக்குக் கடல் எதற்கு என்று லயமே கேட்டது. "இங்க நாலு பக்கமும் மல, அங்க ஒரு பக்கமாச்சும் தொறந்து கெடக்குதே" என்றானாம். அவன் போய் ஒரு வருடம் இருக்கும், நீ ஸ்கூலில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாய். லயத்தில் போன் வைத்திருந்தவர்கள் ஒன்றிரண்டு பேர், சிக்னலுக்கு மேல்மலைக்கு ஏற வேண்டும். ராக்கம்மாவுக்குப் போனும் இல்லை, எழுத்தும் இல்லை. அவளுக்கு உலகத்திலிருந்து எது வந்தாலும் என் பையின் வழியாகத்தான் வர வேண்டும். நமுனுகுலத் தபால் கந்தோரில் கடிதக் கட்டை வாங்கிக்கொண்டு, தோட்டத்து ஆபீசில் அவர்களுடையதைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பேன். படிக்கத் தெரியாதவர்கள் ஓரமாக நிற்பார்கள். அவர்களுடையதை நானே பிரித்து, முதலில் மனசுக்குள் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு, பிறகு சத்தமாகப் படிப்பேன்.

அன்று ராக்கம்மாவின் கடிதத்தை மனசுக்குள் ஓட்டினேன். மருதை வேலை செய்த வாடியின் முதலாளியான சம்மாட்டி எழுதியிருந்தார். போன மாதம் கடலுக்குப் போன போட்டில் மருதை இருந்தான், போட் திரும்பவில்லை, பக்கத்து வாடிக்காரரையும் சேர்த்துக்கொண்டு எட்டு நாள் தேடினோம், ஒன்றும் கிடைக்கவில்லை, இனி நம்பிக்கை வைக்க வேண்டாம். தலையைத் தூக்கினேன். ராக்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நிற்கிறாள். கடிதம் நீளமாக இருந்ததில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். "என்னண்ணே எழுதியிருக்கான், இம்புட்டு?" என்றாள். சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள், பெரட்டு மணி அடிக்கப் போகிறது. நான், "பெரிய கப்பல்ல வேல கெடச்சிருக்காம், தூர தேசம் போறானாம், வர நாளாகுமாம்" என்றேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

சாயங்காலம் போனபோது அவள் லயம் முழுக்கத் தேங்காயும் சீனியும் வைத்த ரொட்டி கொடுத்துக்கொண்டிருந்தாள், மகனுக்குக் கப்பலில் வேலை என்று. என் கையிலும் ஒன்றை வைத்தாள். நான் அதைத் தின்றேன், மகனே. தின்றுவிட்டு வந்தேன். நாளைக்கு என்றேன், பொங்கல் போகட்டும் என்றேன், அவளுக்குக் காய்ச்சல் விடட்டும் என்றேன். அந்தக் கடிதம் என் தப்பால் பையின் உள்பக்கத்துச் சின்னப் பையில் இருந்தது. ஆறு வருடம் இருந்தது. தினமும் அதைத் தோளில் போட்டுக்கொண்டுதான் அவள் வாசலைக் கடந்து போனேன். ஒரு கடிதத்தையும் தாமதிக்காத தப்பால்காரன் என்று தோட்டத்து மேனேஜர் துரையே என்னைப் பெரட்டில் வைத்துப் புகழ்ந்தார், பையைத் தோளில் வைத்துக்கொண்டே அதையும் கேட்டுக்கொண்டேன்.

பொய்க்குப் பசி அதிகம். ஒரு கடிதம் வந்தால் அடுத்தது வர வேண்டுமே? ராக்கம்மா கேட்கத் தொடங்கினாள். அதனால் நானே எழுதினேன். எழுதுகிறவனும் நான், கொண்டுபோகிறவனும் நான், படிக்கிறவனும் நான். அது வரையில் கடலைக் கிட்டத்தில் பார்க்காதவன், என்னத்தை எழுதுவேன்? கந்தோருக்குப் போகிற வழியில் வளைவில் நின்று கீழே கிடக்கிற பனியைப் பார்ப்பேன். அதைத்தான் எழுதினேன். அம்மா, இங்கே காலையில் கடல் வெள்ளையாக இருக்கும், சத்தமே இல்லாமல் அசையும், கப்பல் அதற்குள் போகும்போது முதலில் முன்பக்கம் மறையும், பிறகு நாங்கள் எல்லோரும் மறைவோம், ஆனால் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். ராக்கம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். முடிந்ததும், "எப்ப வருவானாம்?" என்பாள். அந்த ஒன்றைத் தவிர அவள் எதையும் கேட்டதில்லை.

இன்னொருவனும் கேட்டுக்கொண்டிருந்தான். நீதான். என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவாய், அவள் வாசற்படியில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பாய். கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எல்லாம் கப்பல் வரைந்தாய். பெரியவனாகி மருதை அண்ணன் மாதிரிக் கடலுக்குப் போவேன் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! வேலைக்கு எடுக்கும்போது ஏன் இதில் சேர விரும்புகிறாய் என்று உன்னைக் கேட்டார்களாம், சின்ன வயதிலிருந்தே ஆசை என்று சொன்னாயாம். அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? உன் அப்பன் ஒரு தாயை ஏமாற்ற எழுதிய கடிதத்திலிருந்து வந்தது. இதை உன்னிடம் சொல்லத்தான் எனக்கு அதிக வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் மிச்சத்தைச் சொல்வதில் அர்த்தமில்லை.

ஆறாவது வருடம் ஐப்பசி மழை அடித்தது, உனக்கும் நினைவிருக்கும், எல்லோரும் ஸ்கூல் மண்டபத்தில் போய்ப் படுத்திருந்தோம். கீழ் லயத்துக்குப் பின்னால் மலை வெடிப்பு விட்டிருந்தது. கிராம சேவகர் வந்து உடனே காலி பண்ணச் சொல்லிவிட்டார். எல்லோரும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், ராக்கம்மா மட்டும் வரவில்லை. ஆள் ஆளாகப் போய்க் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். கடைசியில் நான் போனேன். பகல் பதினொரு மணி, ஆனால் மழையில் விடியாத மாதிரி இருந்தது. அவள் வாசலில் உட்கார்ந்து காம்பராக் கதவில் முதுகைச் சாய்த்திருந்தாள். பின்னால் எங்கேயோ மண் சரிகிற சத்தம் கேட்டது. "வா தாயி, போயிரலாம்" என்றேன். "நான் எங்கண்ணே வர்றது? எம்புள்ள வந்தா இந்தக் கதவத்தானே தட்டுவான்? பூட்டிக் கெடந்தா எங்க போவான்?" என்றாள்.

அங்கேதான், அந்த மழையில்தான் சொன்னேன். அவன் வர மாட்டான் என்றேன். கப்பலும் இல்லை, கடிதங்களும் இல்லை, எல்லாம் நான் எழுதியது என்றேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. என் வாயையே பார்த்தபடி, "உள்ளத என்னான்னு எழுதியிருந்துச்சோ அதப் படிங்க" என்றாள். பையிலிருந்து எடுத்தேன். மடிப்பில் கிழிந்திருந்தது. முதல் எழுத்திலிருந்து படித்தேன். நான் மறந்தே போயிருந்த ஒரு வரி கடைசியில் இருந்தது. போகும்போது நல்ல சந்தோஷமாகத்தான் போனார், பாட்டுப் பாடிக்கொண்டு போனார், அவருடைய உடுப்புப் பை எங்களிடம் இருக்கிறது என்று சம்மாட்டி எழுதியிருந்தார். ராக்கம்மா அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். இன்னொரு தடவை. அந்த வரியையும் சேர்த்துத்தான் நான் ஆறு வருடம் ஒளித்து வைத்திருந்தேன். பிறகு அவள் எழுந்து, கதவைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு சொன்னாள்: "செத்த புள்ளைக்கு ஒரு கருமாதி இல்ல, ஒரு பிடி சோறு வச்சுக் கும்பிடல. ஆறு வருசமா எம்புள்ளயப் பட்டினி போட்டுட்டீங்களேண்ணே."

அவளுடைய துக்கத்தைக் காப்பாற்றி வைத்திருப்பதாகத்தான் நான் அது வரையில் நினைத்துக்கொண்டிருந்தேன். அது என்னுடையதே இல்லை, அவளுக்கு வந்த தப்பால் அது. அவளை மண்டபத்து வாசலில் விட்டுவிட்டு நான் ஓடிவிட்டேன். ஆமாம், ஓடிவிட்டேன். ஆபீசில் வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு. மலை அந்த வருடம் லயத்தின் மேல் சரியவில்லை, லயம் இன்றைக்கும் ஆளில்லாமல் நிற்கிறது. கருமாதிக்கு அவனுடைய சட்டை ஒன்று வேண்டுமென்று ராக்கம்மா கேட்டனுப்பியதாக உன் அம்மா சொன்னாள். உடுப்புப் பையைத் தேடி நான் கிழக்குக் கரைக்குப் போனேன். அன்றுதான் முதன்முதலாகக் கடலைக் கிட்டத்தில் பார்த்தேன். நான் எழுதிய கடல் அது இல்லை. அது இரைந்துகொண்டே இருந்தது, ஒருவர் குரலும் ஒருவருக்குக் கேட்கவில்லை. வாடி இருந்த இடத்தில் வெள்ளைக்காரருக்கான ஹோட்டல் ஒன்று நின்றது. சம்மாட்டியும் இல்லை, பையும் இல்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தேன். சட்டை இல்லாமல்தான் அவள் மகனுக்குக் கருமாதி செய்தாள்.

ராக்கம்மா இதை யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் கடிதம் வந்தது என்று தோட்டமே நம்பியது, நீயும் நம்பினாய். ஆனால் அவள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். எதிரே வந்தால் பாதையின் மறுபக்கம் போவாள். நீ கரையோரக் காவலில் சேர்ந்து போன வாரம், எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, எங்கள் வாசலில் வந்து நின்றாள். "அந்தப் படகு காணாமப் போனவங்களயும் தேடுமாண்ணே?" என்று கேட்டாள். "தேடும் தாயி, அதுதான் அவங்க வேல" என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த ஒரு சொல்லுக்காக நான் உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன்.

அதனால் கேள், மகனே. நீங்கள் நிரை பிடித்து நான்கு நாள் தேடினீர்கள், ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் தேடியது முடிந்ததும் அந்த வேலை முடியவில்லை. கரையில் ஒருத்தி போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவளிடம் போய்ச் சேரும்போதுதான் முடிகிறது. அவள் ஒவ்வொரு நாள் காலையிலும் உன் வாயைப் பார்த்துக்கொண்டு ஒரு நாளைத் தள்ளுகிறாள். அது உன் நாள் இல்லை, எடுத்துக்கொள்ள உனக்கு உரிமையில்லை. மூன்று வாரம்தான் ஆகியிருக்கிறது. எனக்கு ஆறு வருடம் ஆனது. முதல் வாரத்தைவிட இரண்டாம் வாரம் கஷ்டம், அதைவிட மூன்றாம் வாரம் கஷ்டம், அது குறையும் என்று எதிர்பார்க்காதே. போனில் சொல்லாதே. பெரிய சாரிடம் உள்ளதைச் சொல்லு. ஏசினால் வாங்கிக்கொள், அவர் பிளேன்டீ ஊற்றிய கையைப் பார்த்தவன் நான், ஏசிவிட்டு லீவு கொடுப்பார். அந்தத் தொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போ. தொப்பியை மறந்துவிடாதே, ஒரு சட்டைக்கு நான் எவ்வளவு அலைந்தேன் என்று சொன்னேனே. போட் எங்கே கிடந்தது, எத்தனை நாள் தேடினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள், இத்தனை நாள் நீ ஏன் வேறு மாதிரி சொன்னாய், எல்லாவற்றையும் சொல். அவள் உன்னை அடித்தாலும் அடிப்பாள். நில்.

நான் உனக்கு நல்ல அப்பனாக இருந்தேனா என்று தெரியவில்லை. பொய்யான ஒரு கடலைக் காட்டி உன்னை வளர்த்தேன். நீ அதைத் தேடிப்போய் நிஜக் கடலில் நிஜ வேலை பார்க்கிறாய். அது என் சாமர்த்தியம் இல்லை, உன்னுடையது. பனிக்குள் கப்பல் வரைந்துகொண்டிருந்த பிள்ளை, உயிரோடு இருக்கிற ஒருவரை நடுக்கடலிலிருந்து கரைக்குக் கொண்டுவந்தான் என்று நினைக்கும்போது, என் பாவத்தில் ஒரு பங்கு கரைந்த மாதிரி எனக்குச் சில காலைகளில் தோன்றும். உடனே வெட்கமாகவும் இருக்கும்.

இதற்கு மேலே உள்ளதையெல்லாம் நேற்றே எழுதி முடித்துவிட்டேன். உறையில் போடவில்லை. இன்று காலை ராக்கம்மாவின் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். மேல்பக்கத்தில் இரண்டு அறை வீடு கொடுத்திருக்கிறார்கள், முன்னால் கறிவேப்பிலை வைத்திருக்கிறாள். "மகனுக்கு ஒரு கடுதாசி எழுதியிருக்கேன், நான் படிச்சு நீ கேட்டாத்தான் தப்பால்ல போடுவேன்" என்றேன். உட்காரச் சொன்னாள். முதல் எழுத்திலிருந்து படித்தேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை, ஒரு சொல்லையும் தாண்டவில்லை. மருதை வருகிற இடத்தில் நிறுத்தினேன். அவள் தண்ணீர் கொடுத்துவிட்டு, "படிங்க" என்றாள். மழை நாளில் அவள் சொன்னதை அவளுக்கே படித்துக் காட்டினேன். முடிந்ததும் எழுந்து கறிவேப்பிலையில் பழுத்த இலைகளைக் கிள்ளிப் போட்டாள். வெயில் ஏறிப் பனி கலைந்துகொண்டிருந்தது. பிறகு, "ஒன்னு சேத்து எழுதுங்க" என்றாள். "சொல்லிட்டு ஓடிறக் கூடாதுன்னு எழுதுங்க. அந்தப் பொம்பள அழுது முடிச்சு அடுப்பப் பத்த வைக்கிற வரைக்கும் தம்பி அங்கேயே இருக்கணும்."

எழுதிவிட்டேன். நான் எழுந்தபோது, "அந்தப் படகு எம்புள்ள போன பக்கமும் போகுமாண்ணே?" என்று கேட்டாள். சரியான இடம் தெரியாது, ஆனால் அந்தக் கரை முழுக்கப் போகும் என்றேன். உள்ளே போய்ப் பானையைத் திறக்கிற சத்தம் கேட்டது. வந்து, ஒரு பழைய சேலைத் துண்டில் முடிந்த ஒரு பிடி அரிசியை என் கையில் வைத்தாள். இந்தக் கடிதத்தோடு அதுவும் வருகிறது, பார்த்துப் பிரி. கடலில் போடச் சொன்னாள். முதலில் அந்தத் தாயிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்துதான் போட வேண்டுமாம். அதற்கு முன்னால் போட்டால் மருதை வாங்க மாட்டானாம்.

உன் அப்பா